பெயரும் குறிப்பும்: இலக்கவியல் ஒளிப்படங்களை ஒழுங்குசெய்தலும் செம்மைப்படுத்தலும்

ஒளிப்படக் கலையைப் புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு வருகின்றனர். எந்தக் கருவியை வாங்குவது, எடுத்த படத்தை எவ்வாறு அழகுபடுத்துவது என்பனவே அவை. எடுத்த படத்தை எங்கே வைப்பது, பத்தாண்டுகளுக்குப் பின் அதை எவ்வாறு தேடி எடுப்பது, அதில் இருப்பவர் யார் என்பதை அடுத்த தலைமுறைக்கு எவ்வாறு அறிவிப்பது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்வுரையில் நாம் பின்னைய வினாக்களையே முதலில் எடுத்துக்கொள்கிறோம். ஒழுங்கு முன்னர், செம்மை பின்னர் என்பதே நாம் வலியுறுத்த விரும்பும் முறை. அம்முறை ஏன் வேண்டும் என்பதையும், ஒரு தமிழ்ப்பள்ளியிலோ ஓர் இல்லத்திலோ அதனை எவ்வாறு செயற்படுத்தலாம் என்பதையும் படிப்படியாகக் காண்போம்.

பத்து காஜாவும் அதன் படங்களும்

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயமும் ரப்பரும் நம் முன்னோரை இப்பகுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன. பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகையின் கட்டுமானம் 1915இல் தொடங்கியது. அதன் உரிமையாளர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பன் நகரில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. தஞ்சோங் துவாலாங்கின் 5ஆம் எண் ஈயம் தோண்டும் மிதவைக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. இவ்விரண்டையும் காண இன்று மக்கள் வருகின்றனர், படமெடுத்துச் செல்கின்றனர். இவற்றுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆண்டுக் கணக்கு உண்டு.

ஆனால் அம்மாளிகைக்குச் செங்கல் சுமந்தவர்களும், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துப் பால்மரம் வெட்டச் சென்றவர்களும், ஆயக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களும் எந்தப் பலகையிலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் மறைந்தன, அங்கு வாழ்ந்தோர் ஊர் ஊராகச் சிதறினர். அவ்வாழ்வின் முகங்கள் இன்று இல்லங்களில் உள்ள பழைய ஆல்பங்களிலும் தகரப் பெட்டிகளிலும்தான் இருக்கின்றன.

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வகுப்புப் படத்தில் நாற்பது முகங்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் முப்பது பேரைப் பெயர் சொல்லிக் காட்டக்கூடிய பாட்டி ஒருவர் இன்று நம்மிடையே இருக்கிறார். மங்கிய படத்தின் வண்ணத்தை அடுத்த ஆண்டும் மீட்கலாம். இருபது ஆண்டு கழித்தும் மீட்கலாம். அந்தப் பாட்டி மறைந்த பின், அப்பெயர்களை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர இயலாது. ஒழுங்கை முதலில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

புறநானூறு காட்டும் வழி

இம்முறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகியவற்றைக் கூறும் குறிப்புகள் உள்ளன. உ.வே. சாமிநாதையர் 1894இல் அந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டார். பாடலின் சுவை பாடலிலேயே இருக்கிறது. எனினும், அதனைப் பாடியவர் கபிலர் என்றும் பாடப்பட்டோன் பாரி என்றும் நாம் தயங்காமல் சொல்வதற்கு அக்குறிப்புகள் துணைநிற்கின்றன. குறிப்பு இல்லாத இடத்தில் என்ன நேர்கிறது என்பதற்கும் சங்க இலக்கியத்திலேயே சான்று உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்காமையால், பாடலில் வரும் தொடரைக்கொண்டே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம். பாடல் வாழ்கிறது, பாடியவர் பெயர் மறைந்துவிட்டது.

ஒளிப்படத்துக்கும் இத்தகைய அடிக்குறிப்பு உண்டு. அது இருவகைப்படும். ஒன்று, கருவி தானே எழுதுவது. படம் எடுத்த நாள், நேரம், வில்லையின் திறப்பு, சில கருவிகளில் இடத்தின் நிலக்கோடு முதலியவற்றைக் கோப்பினுள் பதியும் எக்சிஃப் என்னும் முறை 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. மற்றொன்று, நாம் எழுதிச் சேர்ப்பது. யார், எங்கே, என்ன நிகழ்வு என்பவற்றைக் கருவி அறியாது. நாமே எழுத வேண்டும். கருவி எழுதியதை நம்பி இரண்டாவதை விட்டுவிடுவதே தொடக்கநிலையாளரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை.

முதற்படி: மூலத்தைத் தொடாமை

ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கும் ஆசிரியர், பிழையெனத் தோன்றும் எழுத்தை ஏட்டிலேயே சுரண்டித் திருத்துவதில்லை. படியெடுத்துக்கொள்கிறார், பல ஏடுகளை ஒப்பிடுகிறார், தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்துப் பாடவேறுபாட்டைக் கீழே காட்டுகிறார். ஏடு ஏடாகவே இருக்கிறது. ஒளிப்படத்திலும் இதுவே முறை. நினைவு அட்டையிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ படங்களைக் கணினிக்கு மாற்றியவுடன், ‘மூலம்’ என்னும் பெயரில் ஒரு கோப்புறையில் அவற்றை வைத்துவிட வேண்டும். வெட்டலும் திருத்தலும் ‘படி’ என்னும் மற்றொரு கோப்புறையில்தான் நிகழ வேண்டும்.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம் கைப்பேசிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஜேபெக் கோப்பு வகை 1992இல் தரப்படுத்தப்பட்டது. அது படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 படப்புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துச் சிறிதாக்குகிறது. கழிக்கப்பட்டது மீளாது. திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இக்கழிவு மீண்டும் நிகழும். பலமுறை திருத்திச் சேமித்த படத்தில் விளிம்புகள் கலங்கி, வானம் கட்டம் கட்டமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். டிஃப் என்னும் வகை கழிவின்றிச் சேமிக்க வல்லது. ஆனால் இடத்தை மிகுதியாகக் கொள்ளும். ஆகவே காக்க வேண்டியதை டிஃப் வகையிலும், பகிர வேண்டியதை ஜேபெக் வகையிலும் வைப்பது தக்கது.

இரண்டாம் படி: தேர்வு

மாணவர் ஒருவர் மாரியம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் 400 படங்கள் எடுக்கிறார் எனக் கொள்வோம். நானூறையும் எவரும் பார்க்கப் போவதில்லை. மூன்று சுற்றாகத் தெரிவுசெய்வது எளிது. முதற்சுற்றில், குவியம் தவறியவற்றையும் ஒன்றுபோலவே அமைந்தவற்றையும் ஒதுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில், நிகழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்றாக நிற்பவற்றைக் குறிக்க வேண்டும்: பூக்குழி அமைத்தல், கரகம் புறப்படுதல், தீ மிதித்தல், அன்னதானம் எனக் கதை தொடர்ச்சியாக அமைய வேண்டும். மூன்றாம் சுற்றில், அவற்றுள் சிறந்த இருபதைக் கொள்ள வேண்டும். டிஜிகேம் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களில் படங்களுக்கு விண்மீன் குறியிட்டுத் தரம் பிரிக்கலாம்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். பழைய குடும்பப் படங்களைத் தொகுக்கும்போது, தெளிவின்மையைக் காரணமாகக் காட்டி எதையும் அழித்தலாகாது. முகம் கலங்கிய படத்தின் பின்புலத்தில், இன்று இல்லாத ஒரு லயத்தின் கூரையோ பால் கொட்டகையோ கோயில் வாயிலோ தெரியக்கூடும். அந்த இடத்துக்கு அதுவே எஞ்சிய ஒரே சான்றாகவும் இருக்கலாம்.

மூன்றாம் படி: பெயரிடல்

கருவி தரும் எண்பெயர்கள் எதையும் உணர்த்துவதில்லை. கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தொடங்குவது சிறப்பு. 1988இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரமும் இவ்வரிசையையே வகுத்துள்ளது. நாளை முதலில் எழுதினால், கணினியின் வரிசையில் 01-12-2023 என்பது 02-01-2019 என்பதற்கு முன்னே வந்து நிற்கும். 2019-01-02 என எழுதினால் காலவரிசையும் கோப்பு வரிசையும் ஒன்றாகிவிடும். அதன்பின் இடம், நிகழ்வு, மூன்று இலக்க எண் ஆகியவற்றைச் சேர்க்கலாம்: 2019-01-02_பத்துகாஜா_பள்ளிதிறப்பு_001. எண்ணை 1 எனத் தொடங்காமல் 001 எனத் தொடங்கினால், பத்தாம் படம் இரண்டாம் படத்துக்கு முன்னே செல்லும் குழப்பம் நேராது.

தமிழிலேயே பெயரிடலாமா என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இடலாம். 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் அதனை ஏற்கின்றன. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் மட்டும் எழுதுதல் கூடாது. அவை வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகிவிடும். ஏதேனும் ஒரு மென்பொருளில் எழுத்துச் சிதைந்தாலும், பெயரின் தொடக்கத்தில் உள்ள எண்ணைக்கொண்டு படத்தை அடையாளம் காணலாம்.

எழுத்துக்கூட்டலில் ஒருமை வேண்டும். ஒருவர் ‘பத்து காஜா’ என்றும், மற்றொருவர் ‘பத்துகாஜா’ என்றும், வேறொருவர் ‘பத்து கஜா’ என்றும் எழுதினால், தேடும் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். எனவே பள்ளியில் ஒரு பெயர்ப்பட்டியலை முதலில் எழுதிக்கொள்வது நன்று. தோட்டப் பெயர்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது. நிறுவனப் பதிவில் ஒரு பெயரும் நம் மக்கள் நாவில் வேறொரு பெயரும் வழங்கிய தோட்டங்கள் உண்டு. அத்தகைய இடங்களில் இரண்டையும் பதிவுசெய்ய வேண்டும். மக்கள் இட்ட பெயரும் மொழிச் செல்வமே. அது பதிவேடுகளில் கிடைப்பது அரிது.

நான்காம் படி: குறிப்பு எழுதுதல்

நல்ல குறிப்பு ஐந்து வினாக்களுக்கு விடை தரும்: படத்தில் இருப்போர் யார், இடம் எது, காலம் எது, நிகழ்வு என்ன, இவற்றைச் சொன்னவர் யார். குழுப்படமாயின் மேல்வரிசை, நடுவரிசை, கீழ்வரிசை எனப் பிரித்து இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுத வேண்டும். ஐயமுள்ள இடத்தில் ஐயத்தையும் எழுத வேண்டும். ‘1968ஆக இருக்கலாம், முன்னாள் மாணவர் ஒருவர் கூற்று’ என்பது நேர்மையான குறிப்பு. உறுதியின்றி ‘1968’ என்று மட்டும் எழுதிவிட்டால், நாளை அது கட்டுரைகளில் வரலாறாக ஏறிவிடும்.

பழைய படங்களில் காலக் குறிப்பைப் பற்றித் தனிக் கவனம் தேவை. 1968இல் எடுத்த படத்தை 2024இல் வருடினால், அதன் எக்சிஃப் குறிப்பில் 2024 என்றே பதிவாகும். மென்பொருளும் அதனை 2024ஆம் ஆண்டுப் படங்களோடு சேர்த்துவிடும். உண்மைக் காலத்தை நாமே கோப்பின் பெயரிலும் குறிப்பிலும் எழுத வேண்டும். காலம் தெரியாத படத்தில் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, உடை, கட்டடம், வாகனத்தின் பதிவெண் முதலியவை துப்புத் தரும். ஆதலின் படத்தின் பின்பக்கத்தையும் தனியே படியெடுக்க வேண்டும். பழைய படத்தின் பின்புறம் எழுத நேர்ந்தால், மென்மையான பென்சிலால் விளிம்பில் எழுதுக. பேனா மை மறுபக்கம் ஊறவும் அழுத்தம் முகத்தில் பதியவும் கூடும்.

அச்சுப் படங்களை மின்வடிவாக்கல்

வருடி இருப்பின், அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் செறிவு சிறு குடும்பப் படங்களுக்குப் போதுமானது. நான்குக்கு ஆறு அங்குலப் படம் அச்செறிவில் 2,400க்கு 3,600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் படப்புள்ளிகளாகும். டிஃப் வகையில் ஏறத்தாழ 26 மெகாபைட் இடம் கொள்ளும். வருடி இல்லாதவர் கைப்பேசியையே பயன்படுத்தலாம். படத்தைச் சன்னலோர வெளிச்சத்தில் சமதளத்தில் வைத்து, மின்னொளியை அணைத்து, கருவியைப் படத்துக்கு நேர் மேலே இணையாகப் பிடித்து எடுக்க வேண்டும். ஒட்டும் தாள் கொண்ட ஆல்பத்தில் பசை இறுகியிருந்தால், படத்தை வலிந்து பிரிக்காமல் தாளோடு சேர்த்தே படியெடுப்பது நலம். நம் நாட்டின் ஈரப்பதம் பூஞ்சைக்கு ஏற்றது. மூலப்படங்களை உலர்ந்த இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும்.

இப்பணி பெருமுயற்சியாகவும் நடந்துள்ளது. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோ ஒளிப்படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு மின்வடிவாக்கியது. அங்கே ஆய்வாளர் செய்ததை இங்கே ஒரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் சிறிய அளவில் செய்யலாம். முறை ஒன்றே, அளவுதான் வேறு.

ஐந்தாம் படி: செம்மைப்படுத்தல்

இவ்வளவும் முடிந்த பின்னரே செம்மை. அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் சாய்வை நேராக்குக. கோயில் கோபுரமும் பள்ளிச் சுவரும் செங்குத்தாக நிற்கட்டும். அடுத்து, வேண்டாத விளிம்பை வெட்டுக. பின்னர் வெளிச்சத்தைச் சீராக்குக. மென்பொருள் காட்டும் ஒளிப்பரவல் வரைபடத்தில் இடக்கோடி 0, முழுக் கருமை; வலக்கோடி 255, முழு வெண்மை. வரைபடம் வலக்கோடியில் முட்டி நின்றால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்துவிட்டன என்று பொருள். இடக்கோடியில் முட்டினால் கூந்தலும் நிழலும் ஒன்றாகிவிட்டன என்று பொருள். அதன்பின் வண்ணச் சமநிலை: விளக்கொளியில் எடுத்த படத்தின் மஞ்சளை, வெண்மையென நாம் அறிந்த ஒரு பொருளை அளவாகக்கொண்டு குறைக்கலாம். கூர்மையைக் கூட்டுவது இறுதியில். டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் மூலக்கோப்பை மாற்றாமல், செய்த திருத்தங்களைத் தனிக் கோப்பில் எழுதிவைக்கின்றன. பாடவேறுபாட்டைக் கீழே காட்டும் பதிப்புமுறைக்கு அது நெருங்கியது.

தோலின் நிறத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும். கைப்பேசிகளின் அழகூட்டும் வசதிகள் பல முகத்தை வெளிறச் செய்வதையே அழகு என்று கொள்கின்றன. வெயிலில் உழைத்த ஒருவரின் கருமையை நீக்குவது வெளிச்சத் திருத்தம் ஆகாது, அவரை வேறொருவராக்குவதாகும். நிறத்தை மாற்றினால் பொருளும் மாறும் என்பதை அமெரிக்காவின் டைம் இதழ் 1994 ஜூனில் உலகுக்குக் காட்டியது. கொலை வழக்கில் கைதான ஓ.ஜே. சிம்சனின் காவல்துறைப் படத்தை அது அட்டையில் கருமையாக்கி வெளியிட்டபோது, அவரை அச்சுறுத்தும் உருவமாகக் காட்டியதாகக் கடுங்கண்டனம் எழுந்தது. கருமையாக்கினும் வெளிறச் செய்யினும் தவறு ஒன்றே.

செயற்கை நுண்ணறிவால் வண்ணமூட்டும் வசதிகளிலும் எச்சரிக்கை வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் அம்மாயியின் சேலை என்ன நிறம் என்பதை அவை அறியா, ஊகிக்கின்றன. கலங்கிய முகத்தைத் தெளிவாக்கும் வசதியோ, இல்லாத கண்ணிமையையும் பல்வரிசையையும் தானே வரைந்து சேர்க்கிறது. அவ்வாறு ஆக்கிய படத்தை வீட்டில் மாட்டி மகிழலாம். ஆனால் ‘ஊகத்தால் வண்ணமூட்டப்பட்டது’ என்னும் குறிப்பு அதனோடு செல்ல வேண்டும். கீறலை நீக்குவது செப்பனிடுதல். முகத்தை மாற்றுவது புனைவு. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையை மாணவர்க்குத் தொடக்கத்திலேயே உணர்த்த வேண்டும்.

பகிர்தலும் காத்தலும்

கைப்பேசி எடுத்த படம் 4,000க்கு 3,000 புள்ளி எனின், அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் அச்சுத்தரத்தில் அது 13 அங்குல நீளத்துக்கு மேல் வரும். புலனத்தில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. நீண்ட பக்கம் 1,600 புள்ளியாகக் குறைந்தால், அதே தரத்தில் 5 அங்குலமே தேறும். கோப்பினுள் இருந்த குறிப்புகளும் நீங்கிவிடும். பள்ளி ஆண்டு மலருக்குப் படம் அனுப்புவோர் புலனத்தில் ‘ஆவணம்’ என்னும் வழியாகவோ விரலியிலோ அனுப்புதல் வேண்டும். பொதுவெளியில் பகிருமுன், படத்தில் உள்ளோரின் இசைவையும், சிறார் எனின் பெற்றோரின் இசைவையும் பெறுதல் கடமை. இருப்பிடக் குறிப்பை நீக்கிவிடுதலும் நன்று.

காப்பதற்கு எளிய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு படி வேறிடத்தில். கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, மேகச் சேமிப்பிலோ வேற்றூர் உறவினர் வீட்டிலோ ஒன்று எனக் கொள்ளலாம். ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எவ்வளவு பெரிய இடர் என்பதைத் தமிழுலகம் யாழ்ப்பாணத்தில் கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். படியற்ற சுவடிகளைப் பெற இயலாது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் இன்று ஈழத்து எழுத்துகளைப் பல்லாயிரக்கணக்கில் மின்வடிவில் காத்துவருகிறது. அம்முயற்சியின் பின்னே அவ்விழப்பின் நினைவும் இருக்கிறது.

செய்யத்தக்கது

ஒரு பள்ளித் தவணைக்குள் செய்து முடிக்கத்தக்க பணி ஒன்றை ஆசிரியர்க்கு முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் இல்லத்திலிருந்து ஒரே ஒரு பழைய படத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அதில் உள்ளோரின் பெயர்களையும் உறவையும் தோட்டத்தையும் கேட்டு எழுதட்டும். படத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் மின்வடிவாகட்டும். முறைப்படி பெயரிட்டு, மூன்று படிகளாகக் காக்கப்படட்டும். முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் முப்பது படங்கள் சேரும். மொழிப்பாடத்தில் கேட்டல், எழுதுதல் ஆகிய திறன்களுக்கும் இப்பணி பயிற்சியாகும்.

செம்மைப்படுத்தும் கலையை மாணவர் விரைவில் கற்றுக்கொள்வர். அதற்குக் காலம் இருக்கிறது. பெயர்களைக் கேட்டு எழுதுவதற்கு அவ்வளவு காலம் இல்லை. ஆதலின் மென்பொருளைத் திறக்குமுன், குறிப்பேட்டைத் திறப்போமாக.